நகலை நம்பி விமானம் ஏறப் போனவன்

அன்று காலை ரத்மலானை விமான நிலையத்துக்கு வந்தவர்கள்: அப்பா, அம்மா, நான். வராதவை: எங்கள் மூவரின் தேசிய அடையாள அட்டைகள். அவை கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுத் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. பூட்டியவன் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவன் நான் ஒருவனே (ஆகவே எல்லாக் காகிதத்துக்கும் நானே அதிகாரி). அம்மாவின் அட்டைக்காகத் தோட்டத் துரையின் கையெழுத்துக்கும் பிரதேச செயலகத்துக்குமாகப் பதினோரு மாதம் அலைந்திருக்கிறேன். அப்படிக் கிடைத்ததை யாராவது ஊர் சுற்றக் கொண்டுபோவார்களா? எங்கள் லயத்தில் அசல் பெட்டியில் இருக்கும், நகல்தான் பயணம் போகும். அப்பா சட்டைப்பையில் செருகியிருந்த அசலைப் பிடுங்கிக்கொண்டு, லெமினேட் செய்த கலர் கொப்பியைக் கொடுத்தேன்.

“பிளேனுக்கு இது போதுமா தம்பி?”

“படிச்சவன் சொல்றேன், பேசாம வாங்கப்பா.”

அன்று கிளிநொச்சியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். பதினொன்றரைக்கு முகூர்த்தம். அப்பா ஒரே தாய்மாமன். அவர் கொண்டுபோகும் சேலையை உடுத்தித்தான் பெண் மணவறைக்கு வர வேண்டும். முதல் நாளே பஸ்ஸில் போகலாம் என்றவரை, “யாழ்ப்பாணத்துக்குப் பிளேன்ல ஒரு மணி நேரம், அங்கேருந்து கிளிநொச்சி கிட்டத்தான்” என்று தடுத்தவனும் நானே.

கவுண்டரில் இருந்தவர் கொப்பியை லேசாக வளைத்துப் பார்த்தார்.

“ஒரிஜினல் நெதுவ பே, மல்லி.” (சிங்களத்தில் சொன்னார்: அசல் இல்லாமல் முடியாது, தம்பி.)

“முகம் தெரியுது, நம்பர் தெரியுது, வேற என்ன வேணும்? எங்க ஆளுங்க ஐடி எடுக்கப் படுற பாடு தெரியுமா? எங்க எழுதியிருக்கு, காட்டுங்க!”

அவர் என் டிக்கெட்டையே திருப்பி, அடியில் விரலை வைத்தார். மூன்று மொழியில் இருந்தது. தமிழிலும். (நான் தமிழ் ஆசிரியன்.)

“எழுத்து ரொம்பச் சின்னது” என்றேன். விமானம் அதற்காக நிற்கவில்லை.

“ஊருப்பட்டதெல்லாம் படிச்ச, இத மட்டும் படிக்கலயாடா?” என்றார் அம்மா.

வேன் பிடித்தோம். வழியில் அத்தை மகளே அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

“மாமா, பொழுது சாஞ்சாலும் சரி, உங்க சேலை வராம நான் எந்திரிக்க மாட்டேன். மாப்பிள்ளைக்கு அவசரம்னா அவரு தனியா கட்டிக்கட்டும்!”

இரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐயர் முனகிக்கொண்டே மூன்று மணிக்கு ஒரு நல்ல நேரம் கண்டுபிடித்தார். அப்பா சேலையைக் கையில் ஏந்தி நீட்டினார். பெண் அந்தக் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மாலையோடு என் பக்கம் திரும்பினார். “வந்திருக்கிறது ஒரிஜினலா, கொப்பியா?”

இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் இதே கேள்விதான். கேட்கட்டும். அட்டை தொலைந்திருந்தால் இன்னொரு பதினோரு மாதம் இவர்களா அலைவார்கள்? அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன்: அசல் பெட்டியில்தான் இருக்க வேண்டும். (இப்போதெல்லாம் அசலையும் கொண்டுபோகிறேன். அது வேறு விஷயம்.)

திரும்பக் கிடைக்காத டிக்கெட், வேன், பசியோடு காத்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டாவது சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். லெமினேட் செய்த முந்நூறு தனி.