மம்பட்டி பிடிக்குமுன் பத்து நிமிடம்

பரளச்சி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கொல்லைக் கத்தரிச் செடிகளும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க இருளப்பசாமி துணை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் தோட்டம் கொத்தி எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, "இன்னொரு தடவ பிடிச்சா இங்க கூட்டிட்டு வந்துருவேன்" என்றாயே, அந்தப் பயத்தில் நீ அனுப்பிய வீடியோப்படி தினமும் விடிந்ததும் பத்து நிமிடம் உடம்பை நீட்டி வளைக்கிறேன். உன் நாலாவது மாடியில் ஒரு வெண்டைச் செடிகூட முளைக்காது, தாயே. முந்தின வாரம் செவ்வாயன்று கிழக்குப் பார்த்து நின்று, கண்ணை மூடி, கையிரண்டையும் தூக்கி, 'உஸ்ஸ்' என்று வாயால் மூச்சுவிட்டு இடுப்பை முறுக்கினேன். சாமி வருமுன் சாமியாடியும் இதைத்தானே செய்வார்! எனக்குத் தோன்றவில்லை, அடுத்த வீட்டு முத்துமாரியம்மாளுக்குத் தோன்றிவிட்டது. திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்து, "வந்துருக்கது எந்தச் சாமி? ரெண்டு நாளா என் ஆட்டக் காணோம், எங்கிட்டுப் போச்சு, சொல்லுங்க சாமி" என்று காலில் விழுந்தாள். முப்பது எண்ண வேண்டியவன் பதினெட்டில் நிற்கிறேன், வாயைத் திறக்க முடியுமா? எண்ணி முடித்து, அடுத்த பயிற்சிக்கு வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். அவள் அந்தத் திசையிலேயே ஓடினாள். பாழாய்ப்போன ஆடு அங்கேதான் கண்மாய்க்கரைக் கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது!

மறுநாள் குறி கேட்க ஏழு பேர். "இது எம்மக சொல்லிக்குடுத்த பயிற்சி தாயி" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "எந்தச் சாமி தன்னயச் சாமின்னு சொல்லியிருக்கு?" என்கிறாள் முத்துமாரியம்மாள். உன் அம்மா விரட்டுவாள் என்று பார்த்தால், வந்தவர்களுக்கு வரிசையாகக் காப்பி கொடுக்கிறாள்.

எப்படியோ, பயிற்சியை மெச்சத்தான் வேண்டும். பத்து நாளாக இடுப்பில் துளி வலியில்லை. தோட்டம் முழுக்கக் கொத்தி, பாத்தி கட்டி, வெண்டை ஊன்றியாயிற்று. ஆகவே என்னைக் கூட்டிப்போகும் பேச்சை விட்டுவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் வலி நோவு இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

அப்பா,
சுப்புராஜ்

பி.கு.: பெற்ற பிள்ளையிடம் மறைக்க மனம் வரவில்லை. இந்தப் பத்து நாளில் நான் மம்பட்டியைத் தொடவேயில்லை. தொடப்போனால், "சாமி எறங்குற ஒடம்பு, நீங்க குனியலாமா?" என்று பிடுங்கி, குறி கேட்க வருகிறவர்களே கொத்திவிடுகிறார்கள். உன் பயிற்சி வலியைத் தடுக்குமா என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. என்னைக் கூட்டிப்போக வருவதானால் வா. ஆனால் ஊரிடம் உத்தரவு நீதான் வாங்க வேண்டும். கொடுக்கமாட்டார்கள் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.