பாய்லர் அண்ணன் வைத்த பிரான்ஸ் கறி

கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை வரைக்கும் அடுப்புக்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அடுப்பே பயப்படும் ஆள் ஒருவர்தான்: எங்கள் பாய்லர் அண்ணன்.

கம்பெனியில் பாய்லர் பார்ப்பவர். லைன் வீட்டில் எனக்கு அடுத்த வீடு. நீராவி எங்கே வந்தாலும் அவருக்கு டியூட்டிதான். டீக்கடையில் பால் பொங்கினால், "மாஸ்டர், உன் ஸ்டீம் ஈரமா கீது" என்பார். ஒரு கல்யாணத்தில் பிரியாணி அண்டா மூடியில் காதை வைத்துக் கேட்டு, "இன்னும் ஆவல, எவனும் தொறக்காத" என்று காவல் நின்றார். சமையல்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்த பிறகுதான் காதை எடுத்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு சமயம் பேச்சு அடங்கிப்போனார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் வாசனையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. எதை வைத்தாலும் "மண்ணாட்டம் கீதுய்யா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். நல்ல உடம்புக்காரர், வளையல் முழங்கைக்கு ஏறும் அளவுக்கு இளைத்துவிட்டார். சாப்பிட்டால்தான் தேறுவார் என்றார் டாக்டர்.

ஒரு ஞாயிறு அக்கா சர்ச்சுக்குக் கிளம்பியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். போனில் ஒரு வெள்ளைக்காரர் மாட்டுக்கறியைச் சிவப்பு ஒயினில் வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"பிரான்சுக்காரன் காலங்காலமா துன்றான் தம்பி. இதுல ருசி தெரியலன்னா வேற எதுல தெரியும்?"

ஈரம் இருந்தால் கறி சிவக்காது என்று போனில் சொன்னார்கள். கம்பெனியில் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியில் புதுக்கட்டு ஒன்றைப் பிரித்து, அண்ணன் ஒவ்வொரு கறித் துண்டையும் குழந்தையைத் துவட்டுவது போல் ஒற்றி எடுத்தார். போனில் போட்ட வாசனை இலை வீட்டில் இல்லை. கற்பூரவல்லி போட்டார்.

"ஒயின்?" என்றேன்.

"கடை ஒயின நம்பறதுக்கில்ல. ஊட்லயே கீது."

பரண் மேலிருந்த ஜாடியை இறக்கினார். கிறிஸ்துமசுக்காக அக்கா திராட்சை, சர்க்கரை, லவங்கம் போட்டு ஊறவைத்து வடித்தது. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார்.

"குக்கர்ல வெச்சிடலாமே அண்ணே?"

"குக்கர்ல கறி பயந்து வேவும். இது மனசார வேவணும்."

வெந்ததும் எனக்கு ஒரு கரண்டி கொடுத்தார். பாயசத்தில் மாடு விழுந்தது போலிருந்தது. எனக்கு யாரையும் குறை சொல்ல வராது. தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா வந்தார். அண்ணன் தட்டை நீட்டினார். வேண்டாவெறுப்பாக ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இன்னாய்யா, கறில சக்கரயக் கொட்டிக்கீற?"

"சக்கரயா? நான் போடவே இல்லயே!"

"அப்பறம் ஏன் இப்டி இனிக்குது? யோவ், என் கிறிஸ்துமஸ் ஒயினையா ஊத்தன? முழு ஜாடியுமா? உனுக்கு அறிவு கீதா?"

அண்ணன் முகம் மாறியது. "இனிக்குதா ஸ்டெல்லா?"

"பின்ன? வாயில வெக்க முடியல!"

"நெசமா இனிக்குதா? இன்னொரு தபா சொல்லு."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டுவதை நிறுத்தினார். இன்னொரு துண்டை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றார்.

"உப்பும் பத்தலய்யா" என்றார்.

அண்ணன் உப்பு எடுக்கப் போகவில்லை. அக்காவுக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "வேற இன்னா நொட்டம், இன்னா கொற, சொல்லு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெண்டாட்டியிடம் அவ்வளவு ஆசையாகத் திட்டு வாங்கிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.