டி.வி.க்குப் பின்னிய போர்வை

எறையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மிகுந்த வளர்மதி அக்காவுக்கு, தங்கை சசிகலா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். முழங்கை ஒன்று நீங்கலாக அப்பாவும் நலம். சைக்கிள் நலமில்லை. நீயும் வயிற்றில் இருக்கும் குட்டியும் நலம்தானே?

இதைப் பிரிக்கும்போது உன் மாமியார் பக்கத்தில் இருந்தால், எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது என்று மட்டும் உரக்கப் படி. மீதியை மாட்டுக் கொட்டகையில் போய்ப் படி. உங்கள் வீட்டுக் கலர் டி.வி. மேல் பச்சையும் சிவப்பும் கறுப்புமாக ஓர் உறை கிடக்கிறதல்லவா? அது டி.வி. உறை இல்லை அக்கா. உன் குழந்தையின் போர்வை.

தையல் வகுப்பில் ஊசிப் பின்னல் கற்றுத்தந்தார்கள். நான் வாசித்த கதைகளில் எல்லாக் குழந்தைகளையும் கம்பளிப் போர்வையில்தான் சுற்றுகிறார்கள். உன் குழந்தை அக்னி நட்சத்திரத்தில் பிறக்கப்போகிறது என்பதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அது குழந்தையின் தவறல்லவே. ஆண்டாயி பெரியம்மா பின்னி வாசலில் தொங்கவிட்ட கிளிக்குப் போக மீந்த பச்சை, யாரோ பாதியில் விட்ட மப்ளரின் சிவப்பு, பள்ளி நாடகத்தில் எமனுக்கு மீசை செய்து மீந்த கறுப்பு, இவ்வளவுதான் கிடைத்த உல்லன் நூல். பள்ளி ஊசியை வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்பதால் அப்பாவின் சைக்கிளில் இரண்டு கம்பிகளைக் கழற்றினேன். சக்கரத்தில்தான் அத்தனை கம்பி இருக்கிறதே. மறுநாள் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கும்போது சக்கரம் நெளிந்து அப்பா வாய்க்காலில் போய் உட்கார்ந்தார். ரோடு போட்டவனை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பிறக்காத குழந்தைக்கு ஒரு துணிகூட முன்கூட்டிச் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் ஆகாது என்று அம்மா சொல்வது உனக்குத் தெரியும். அதனால்தான் டி.வி. உறை என்று சொல்லிவைத்தேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று, பின்னும்போதெல்லாம் "டி.வி.க்கு, டி.வி.க்கு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஏ புள்ள, நம்ம டி.வி.க்கு எதுக்கு இவ்ளோ பெருசு?" என்றாள் அம்மா.

"காலு வெளிய தெரியக்கூடாதும்மா."

அம்மா டி.வி. மேசையின் நான்கு கால்களையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பின்னி முடித்த அன்றே உண்ணாமலை அத்தை, அதாவது உன் மாமியார், வளைகாப்புக்கு நாள் பேச வந்துவிட்டார்கள்.

"இது என்ன சம்மந்தி, மாரியம்மன் தேர்ச்சீலை மாதிரி?"

"டி.வி. உறைங்க. சசி பின்னுச்சு."

"எங்க வூட்டு டி.வி.க்கு அளவெடுத்த மாதிரில்ல இருக்கு."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

நான் "அம்மா" என்றேன். "போயி காபி போடு" என்றாள். பஸ் புறப்படும்வரை போர்வை இருந்த அத்தையின் பையையே பார்த்து நின்றேன். "என்னைய விட மனசில்லாம நிக்குது பாரு" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

ஆகவே அக்கா, அதைக் காப்பாற்று. அதன் மேல் பூச்சாடி வைக்க விடாதே. மாமா கிரிக்கெட் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்ற கையை அதில் துடைக்க விடாதே. பெரியவர்களுக்கு என் வணக்கமும், உள்ளே இருப்பவருக்குத் தனியாக ஒரு முத்தமும்.

இப்படிக்கு,
சித்தியாகப் போகும்
சசிகலா

பின்குறிப்பு: ஒட்டுவதற்குச் சோற்றுப்பருக்கை எடுக்கப் போன நேரத்தில் அம்மா இதைப் படித்துவிட்டாள். அடிக்கவில்லை. "காலு தெரியக்கூடாதுன்னப்பவே எனக்குத் தெரியும்டி. இந்த வூட்ல கெடந்தாத்தான் அது புள்ளைக்குச் சேத்தது. அங்க கெடந்தா டி.வி. உறை. புள்ளையப் பாக்க வரும்போது அந்த உறையையும் எடுத்துட்டு வாங்கன்னு பஸ் ஏத்தும்போதே சம்மந்திகிட்ட சொல்லிட்டேன். அவங்களும் ஏன்னு கேக்கல" என்றாள். எமன் மீசைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். "கறுப்பு இருந்தா கண்ணு படாது, வுடு" என்றாள். வேறு இன்லண்ட் லெட்டர் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ள எதையும் நீ படிக்கவில்லை. அது டி.வி. உறைதான். சைக்கிள் தானாகத்தான் நெளிந்தது.