மஞ்சள் பங்களா கொலைக்கு மைக்செட் அனுமதி

திருவள்ளூர் தாலுகா பழைய துப்பறியும் நாவல் வாசகர்களின் முதலாவது மாபெரும் மாநாடு, 1973ஆம் வருடம் மே மாதம், காக்களூரில் ஒரு போல்ட் கம்பெனி ஷெட்டில் கூடும் என்று நோட்டீஸ் அடிக்கப்பட்டது. மாபெரும் என்பது நோட்டீஸில் மட்டும். வந்தால் நாற்பது பேர் வருவோம்.

மாநாட்டுக்கு ஒரே வேலைதான். 'மஞ்சள் பங்களா ரத்தக்கறை' என்ற முப்பது வருஷத்துப் புத்தகத்தில் ஜமீன்தாரைக் கொன்றது யார்? எங்கள் வாடகை நூலகத்தில் இருந்த ஒரே பிரதியில் கடைசி அத்தியாயத்தை எவனோ கிழித்துவிட்டான். லேத் ஓட்டும் ராஜவேலு அண்ணன் அதைப் பள்ளிக்கூட வயதில் படித்தவர். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "மச்சானா, வக்கீலா, சமையல்காரனா, இன்ஸ்பெக்டரா, நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று பெண்ணின் அப்பாவைக் கேட்டு, அந்தச் சம்பந்தமும் போயிற்று.

இப்போது ஆரணியில் ஒரு பழைய பேப்பர் கடையில் முழுப் பிரதி கிடைத்துவிட்டது. கடைசி ஃபாரத்தில், அச்சகத்தில் சேர்த்து மடித்த பக்கங்களின் மடிப்பு வெட்டப்படவே இல்லை. அதாவது, அச்சானதிலிருந்து யாரும் படிக்கவில்லை. அதை மேடையில் ராஜவேலு அண்ணன் கையால் வெட்டித் திறப்பது என்று செயலாளர் ஆதிநாராயணன் முடிவு செய்தார்.

மைக்செட்டுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். நாவல் படித்துப் படித்து நாவல் போலவே மூச்சுவிடும் ஆதிநாராயணன், மனுவில் காரணம் கேட்ட இடத்தில், "முப்பதாண்டுகளாகத் துப்புத் துலங்காத கொடூரக் கொலையின் சூத்திரதாரியைப் பொதுமக்கள் முன்னிலையில் அம்பலப்படுத்தும் பொருட்டு" என்று எழுதிவிட்டார்.

ஸ்டேஷன் எது என்று சொல்லமாட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் துளசிராமன் (இவர் பேசுவதை மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கவும்) மனுவை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"கொலை எங்கய்யா நடந்திச்சி?"

"கதைல சார்."

"கதைன்னா எந்த லிமிட்டு?"

"ஆரணி ஆத்தங்கரைல ஒரு பங்களா சார்."

"இத்தினி வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? கம்ப்ளெயிண்டு குடுத்தீங்களா?"

"கற்பனைக் கொலை சார்."

"செத்தவன் பேரு கீது, ஊரு கீது, கத்தி கீது. கற்பனைன்றே. மாட்டுறவன் எல்லாம் மொதல்ல அப்டித்தான் சொல்லுவான்."

ஆகவே, மேற்படி புத்தகம் வழக்குச் சொத்தாகக் கைப்பற்றப்பட்டது. ஏட்டு முனிகிருஷ்ணன் தீவிர விசாரணையில் இறங்கினார். நாஷ்டா சாப்பிடும்போதுகூடப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. அவருக்கு அப்புறம் ரைட்டர் விசாரித்தார். ரைட்டருக்கு அப்புறம் லாக்கப்பில் இருந்த கோழித் திருடன் விசாரித்தான். அவனுக்கு ஜாமீன் வந்தபோது, இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி என்று வெளியே வர மறுத்தானாம். கடைசி மடிப்பை மட்டும் துளசிராமன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டப்படி வெட்டினார்.

மாநாட்டன்று காலை புத்தகம் திரும்பி வந்தது. கூடவே பந்தோபஸ்துக்குத் துளசிராமனும் வந்து மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜவேலு அண்ணன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். பக்கங்கள் இல்லை. கிழித்த இடத்தில் ஒரு டைப் அடித்த தாள் ஒட்டியிருந்தது: "பொது அமைதி கருதி நீக்கப்பட்டுள்ளது. கொலையாளி எவரும் இல்லை."

ஷெட்டே உச்சுக்கொட்டியது. அண்ணன் தாளைப் பார்த்தார். துளசிராமனைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"மச்சான் கொன்னுருந்தா நீங்க கிழிச்சிருக்க மாட்டீங்க சார். வக்கீல் கொன்னுருந்தா மைக்ல நீங்களே படிச்சிருப்பீங்க. சமையல்காரன்னா இந்நேரம் எவனயாவது புடிச்சி உள்ள போட்டிருப்பீங்க. கொன்னது இன்ஸ்பெக்டருதான்."

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. துளசிராமன் நிதானமாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"கொலகாரன் யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சிக்கினே ஸ்டேஷனுக்குச் சொல்லாம குந்திக்கினு கீறது குத்தம். யோவ் ஏட்டு, ஷெட்டு கேட்டைச் சாத்து."

நாங்கள் நாற்பது பேரும் உடந்தை என்று பதிவானோம். ராஜவேலு அண்ணன் மட்டும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்த முகமாக வாய்தாவுக்குப் போய்வருகிறார். கொலையாளியைத் தெரிந்தும் மறைப்பவர் எவராயினும் விடுவதில்லை என்பது துறையின் உறுதியான நிலைப்பாடு. எனவே, இதுவரை படித்துவிட்ட தாங்களும் தங்களுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தில் தாமதமின்றி ஆஜராகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். மாற்றுத் துணி கொண்டு செல்லவும்.