சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தாண்ட

"மணி ஒம்பதே முக்கா! இன்னிக்கும் லேட்டா? போ, வேப்பமரத்தாண்ட நில்லு!"

லூர்துமேரி டீச்சர் போட்ட அதட்டலில் இரண்டாம் வகுப்பு ஆர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டே போய் நின்றாள்.

டீச்சருக்கு அன்று தலைக்கு மேல் வேலை. பத்தரை மணிக்கு விழுப்புரத்திலிருந்து ஆபீசர் ஆனந்தராஜ் வகுப்பைப் பார்க்க வருகிறார். டீச்சருக்கு அடுத்த மாதம் ரிடையர்மென்ட். முப்பத்தொரு வருட சர்வீஸுக்கு, கடைசியாக 'சபாஷ்' என்று ஒரே ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். வேறு ஆசையே இல்லை.

பாடம்: காட்டைத் துண்டு போட்டால் விலங்குகள் என்ன ஆகும்?

டீச்சரும் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். அப்போது வாசலில் ஒற்றை ரோடு, இருபுறமும் புளியமரம். காலையில் முயல் குறுக்கே தாண்டும். பாவாடையில் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, கட்டிக்கொண்டு பின்னாலேயே இவரும் தாண்டுவார். இப்போது நாலு வழிச்சாலை. மரத்தையும் காணோம், முயலையும் காணோம்.

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு கோடு போட்டார். அதுதான் ரோடு. இந்தப் பக்கம் இருபது பிள்ளைகள், முயல்கள். அந்தப் பக்கம் ஒரு தட்டு நிறைய அவித்த மல்லாட்டை, ஒரு குடம் தண்ணீர். நடுவில் நாலு பையன்கள், லாரிகள்.

"ஓடிப் போய்த் தின்னுங்க!"

ஒரே நிமிடத்தில் பதினேழு முயல்கள் லாரியில் அடிபட்டு, "செத்துட்டோம் டீச்சர்!" என்று சந்தோஷமாகப் படுத்துக்கொண்டன. தப்பிய மூன்று முயல்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தன.

"ஏசுவே! எழுந்திருங்கடா!" என்று டீச்சர் கோட்டின்மேல் வேலி மாதிரி கயிறு கட்டினார். இப்போது யாரும் சாகவில்லை. ஆனால் பசி, தாகம் என்று ஒரே கூச்சல்.

"எங்க அக்கா அந்தாண்ட மாட்டிக்கினா டீச்சர்!" என்று கலைப்பிரியா ஓவென்று அழுதாள்.

டீச்சர் ஜல்தியாக பெஞ்சுகளை இழுத்து ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டார். "இதுக்குக் கீழ பூந்து போங்க!"

முதலில் பூந்தவை லாரிகள். முயல்கள் தவழ்ந்து போய்ச் சேர்வதற்குள் தட்டில் தொலிதான் மிச்சம். அடிதடியில் பெஞ்சு சாய, குடம் உருண்டது.

அந்தச் சேற்றில்தான் ஆபீசரின் ஷூ இறங்கியது.

"என்ன டீச்சர் இது?"

"காடு... சார்."

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"குறுக்க ரோடு வந்து எடம் ரெண்டா போச்சுன்னா யாருக்குக் கஷ்டம்?"

"முயலு!" "கீரி!" "உடும்பு!" பதில்கள் பறந்தன.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லா புரிஞ்சிக்கினுதுங்க சார்! நான் படிக்கிறப்ப இந்த ரோட்ட நாலே எட்டுல தாண்டிடுவேன். ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல!"

"சபாஷ்!" என்றார் ஆபீசர். "வேற யாருக்குக் கஷ்டம்?"

வேப்பமரத்தடியில் ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு சார். எங்க வூடு ரோட்டுக்கு அந்தாண்ட. பாலத்த சுத்திக்கினுதான் தெனிக்கும் வர்றேன்."