அக்கா, விமானம் ஏறாதே

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

உன் தம்பி கர்ட்டிஸ் எழுதுவது. இங்கே ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது, நாங்கள் நலம், என் இடது கட்டைவிரல் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகம்தானே? அப்படியே அங்கேயே இருங்கள். தயவுசெய்து மாரெனின் பள்ளி நாடகத்துக்குப் புறப்பட்டு வந்துவிடாதீர்கள்.

என் மகள்தான் கதாநாயகி என்று போனில் சொன்னேனே, அது பச்சைப் பொய். உன் மூத்தவள் வயலினில் பரிசு வாங்கியதை நீ அரைமணி நேரம் அளந்தாய், என் வாய் சும்மா இருக்கவில்லை. உண்மையைப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் நடுநிலைப்பள்ளியில் பாட்டு நாடகத்துக்குப் பேர் கொடுத்த பிள்ளை யாரையும் கழிக்கக் கூடாது. கப்பல் கதையில் வேடம் எட்டு, வந்த பிள்ளைகள் ஐம்பத்து மூன்று. புரூயிட் டீச்சர் முப்பது பேரைக் கடற்பறவையாக்கினார், பதினான்கு பேரை அலையாக்கினார், மிஞ்சிய ஒருத்தி நம் மாரென். அவள் பனிமூட்டத்தில் கப்பலுக்கு ஊதும் சங்கு. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயாலேயே மூன்று தரம் 'பூஊஊம்' என்க வேண்டும், அவ்வளவுதான் வேடம். அந்தக் கலங்கரை விளக்கத்தை அடித்துக் கொடுத்தவன் நான். விரல் நசுங்கியது அதில்தான். பெற்ற மகளை மறைக்க நானே பலகை அடித்திருக்கிறேன், இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல!

நேற்று ஒத்திகைக்குப் போயிருந்தேன். கேப்டனாக நடிக்கும் டெஸ்மண்டுக்குப் போன வாரம்தான் குரல் உடைந்தது. உச்சியில் பாட வேண்டிய இடத்தில் ஒரு கீச்சு, அதோடு நின்றுவிட்டான். பறவைகள் சிரிக்கின்றன, அலைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, பியானோவும் நின்றுபோயிற்று, பையன் அழப்போகிறான். அப்போது பலகைக்குப் பின்னாலிருந்து 'பூஊஊம்'. சுத்தமான சுருதி. டெஸ்மண்ட் அதைப் பிடித்துக்கொண்டு கீழ்க்குரலில் பாடி முடித்தான்.

"யாரு ஊதுனது? நாடகத்தன்னைக்கும் இதே இடத்துல ஊதணும் கண்ணு!" என்று கத்தினார் டீச்சர்.

நசுங்கிய விரலோடு நானும் கைதட்டினேன், மறைப்பானேன். ஆனாலும் அக்கா, ஆயிரத்தைந்நூறு மைல் பறந்து வந்து பலகையையா பார்ப்பாய்? என் மானம் போகும். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அத்தானுக்கும் அவர் வளர்க்கும் கள்ளிச்செடிகளுக்கும் என் அன்பு.

உன் தம்பி,
கர்ட்டிஸ்

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்தேன், மாரென் முழுவதும் படித்துவிட்டாள்.

"அத்தைக்கு அன்னைக்கே சொல்லிட்டேனேப்பா! போன்லயே மூணு தரம் ஊதிக் காட்டுனேன். 'உங்கப்பன்கிட்ட மூச்சு விடாத, எவ்வளவு தூரம் அளக்குறான்னு பாப்போம்'னாங்க."

அடிப்பாவி அக்கா! மூன்று மாதமாக "கதாநாயகிக்கு எத்தனை பாட்டுடா?" என்று கேட்டுக் கேட்டு என்னை ஒன்பது பாட்டு வரை ஏற்றிவிட்டாயே! சரி, கிளம்பி வா. நான் ரம்பத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். கலங்கரை விளக்கத்தில் அவள் முகம் தெரிகிற உயரத்துக்கு ஒரு ஜன்னல் அறுக்க வேண்டும்.