சயன்ஸ் மாஸ்ரர் விற்ற கேக் பீற்றர்

நான் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அதிலும் மின்னியல்தான் என்னுடைய விசேட பாடம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும்.

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால், எங்கள் வீட்டு வளவிலேயே தகரக் கொட்டகை போட்டு ரியூசன் நடத்துகிறேன். வாசல் படலைக்குப் பக்கத்தில் என் படம் போட்ட பதாகை ஒன்று தொங்கும். படத்துக்குக் கீழே 'மின்னியலா? பயம் வேண்டாம்' என்று சிவப்பு எழுத்து. (வசனம் நான் எழுதியதுதான். எனக்கு வேறு யார் எழுதித் தருவார்கள்?) அம்மாமார் பிள்ளைகளை அனுப்புவது மின்னியலில் எனக்கிருக்கிற பெயரை நம்பித்தான். ரியூசன் மாஸ்ரர் ஒருவருக்குப் பெயர் கெட்டால் அடுத்த மாதமே கொட்டகையில் பிள்ளைகள் இருக்காத வெறும் வாங்குகள் மட்டும்தான் இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அடுத்த வீதி மாஸ்ரர் ஒருவர் வகுப்பில் புரொஜெக்டர் பூட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கே காசு பிரட்டலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டி கண்ணில் பட்டது. என் மனைவி வதனியின் தமக்கை பவானியக்கா கனடாவிலிருந்து கப்பலில் அனுப்பிய கேக் பீற்றர், கேக் கலவை அடிக்கிற கரண்ட் மெஷின். கிண்ணமும் தானும் பூட்டி நிற்கிற பெரிய சாதி. வதனி வாழ்க்கையில் கேக் அடித்தவள் இல்லை. ஆனாலும் அந்தப் பெட்டியை உடைக்காமல், எழுத்துப் பக்கம் முன்னால் தெரிய, அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கனடாச் சாமானுக்கு மரியாதையே பெட்டி உடைக்காமல் இருப்பதில்தான். வருகிறவர்கள் அண்ணாந்து வாசித்துவிட்டு, "அக்கா அனுப்பினவவோ?" என்று கேட்க வேண்டும். அதுதான் அதன் முழுப் பயன்.

விற்கப்போகிறேன் என்றதும் வதனி பெட்டியின் தூசியைத் துடைத்தாள். பிறகு, அக்காவின் காதுக்குப் போனால் பதில் சொல்லவேண்டியது நான்தான் என்று மட்டும் சொன்னாள். அந்தச் சம்மதமே போதும் என்று பேஸ்புக்கில் சாமான் விற்கிற குழு ஒன்றில் படத்தைப் போட்டேன். 'கனடாவிலிருந்து நேரடியாக வந்தது. பெட்டி உடைக்கப்படவில்லை.' பெட்டி உடைக்காத சாமானை நானும் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் விலை குறையுமே.

வாங்கியவர் வல்வெட்டித்துறை செல்வராணி. வீட்டில் கேக் செய்து விற்கிற பெண். வாங்குவதற்கு முதல் வட்ஸ்அப்பில் பத்துக் கேள்வி கேட்டார். நான் வகுப்புக்கு நடுவில் நின்று பத்துக்கும் பெரிய மனிதத் தோரணையில் பதில் சொன்னேன். பிறகு பஸ்ஸில் வந்து, நான் ஒரு ரூபாயும் குறைக்காத விலையைக் கொடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். போகும்போது பதாகையைப் பார்த்து, "மாஸ்ரரிட்டை வாங்கினது எனக்கு நிம்மதி" என்றார். அடுத்த நாளே அந்தக் காசு புரொஜெக்டராகிவிட்டது.

திங்கட்கிழமை செய்தி வந்தது. கூடவே ஒரு படம். சுவரில், கலண்டரில், குசினி முகட்டில் எல்லாம் பட்டரும் சீனியும் அப்பியிருந்தன. நடுவில் மெஷின். கனடாச் செருகிக்கு எங்கள் பக்கத்து அடப்ரர் ஒன்றைப் பூட்டிச் சுவிச்சைப் போட்ட உடனேயே பேய் பிடித்த மாதிரிச் சுழன்று, கத்தி, புகைந்து நின்றுவிட்டதாம். சாமான் பழுது, காசைத் திருப்பித் தாருங்கள் அண்ணை என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்.

மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் என்ன செய்வான்? ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பான். நான் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். சுமை, உராய்வு, வெப்பம் என்று எட்டு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுகிற மாதிரி எழுதி, மாவை அளவுக்கு மீறிப் போட்டிருப்பீர்கள் என்று முடித்தேன். அடியில், புடவைக் கடை ரசீதில் இருக்கிற மாதிரி, 'விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்றும் சேர்த்தேன். மா இன்னும் போடவேயில்லை, பட்டரும் சீனியும் மட்டும்தான் என்று பதில் வந்தது. அப்படியானால் பட்டர் இறுகியிருந்திருக்கும் என்றேன். முகட்டில் ஒட்டுகிற அளவுக்கு இளகின பட்டரை இறுகியது என்று சொல்ல எனக்கு நாக் கூசவில்லை. காசு கையில் இல்லாதவனுக்கு நியாயம் எவ்வளவு வேகமாக ஊறும் என்பதை அந்த நாலு நாளில் கண்டுகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வராணியிடமிருந்து கடைசிச் செய்தி வந்தது. அதில் அண்ணை என்ற சொல் இல்லை.

'ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளை பெரிசான சாமத்தியவீட்டுக்கு மூண்டு தட்டுக் கேக் ஓடர். எனக்குக் கிடைச்ச முதல் பெரிய ஓடர். நாளைக்குப் பத்து மணிக்குள்ளை காசோட வந்தால் நான் வேறை மெஷின் வாங்குவன். வராட்டி உங்கடை பதாகைப் படத்தையும் எரிஞ்ச மெஷினையும் ஒண்டாப் போடுவன். அச்சுவேலி அம்மாமார் எல்லாரும் பாக்கட்டும்.'

படலையடிக்குப் போய்ப் பதாகையைப் பார்த்தேன். அதில் நான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் கருகின மெஷினை வைத்துக் கற்பனை பண்ணிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். வதனியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஏசவில்லை. (ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.) உள்ளே போய்த் தன் சீட்டுக் காசை எடுத்து வந்து தந்தாள். அது பாதிக்குத்தான் காணும். "மிச்சத்துக்கு உங்கடை விளக்கத்தைக் குடுங்கோ" என்றாள்.

சனிக்கிழமை காலை வகுப்பை நிறுத்திவிட்டு மோட்டர் சைக்கிளில் வெளிக்கிட்டேன். தொண்டைமானாறு தாண்டும்வரை, 'நான் ஒரு ஆசிரியன், என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா' என்று தொடங்குகிற பேச்சு ஒன்றைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். வல்வெட்டித்துறைக்குள் நுழைந்ததும் அதன் முதல் வரியே மறந்துபோயிற்று.

செல்வராணியின் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு மெஷினை நடுவில் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கதிரையில். செல்வராணியின் தமையன் மேசையோரம் நின்றார். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவராம். கையெல்லாம் கிறீஸ். ஆள் உயரம், பேச்சு இல்லை. எனக்கு எதிரில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

நான் இருக்காமல் நின்றபடியே மோட்டர் சூடாவதைப் பற்றிப் பேசினேன். அவர் இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் மெஷினை ஒற்றைக் கையால் கவிழ்த்து, அடியிலிருந்த சின்ன வெள்ளி ஒட்டியைக் கிறீஸ் விரலால் காட்டினார்.

"மாஸ்ரர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை ஒருக்கா வாசியுங்கோ."

கண்ணாடியைப் போட்டேன். வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

"எவ்வளவு போட்டிருக்கு?"

"நூற்றி இருபது வோல்ற்று."

"எங்கடை வீட்டுக்கு எவ்வளவு வருது?"

"இருநூற்றி முப்பது."

வகுப்பில் நான் பின்வரிசை வாங்கில் இருக்கிற குழப்படிகாரரை எழுப்பிக் கேள்வி கேட்கிற அதே தொனி. நானும் அவர்களைப் போலவே நிலத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். கனடாக் கரண்டுக்குச் செய்த மெஷினை எங்கள் கரண்டில் செருகினால் என்ன நடக்கும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். வருடம் தவறாமல் படிப்பிக்கிறேன். அதற்கு ஒரு படமும் கீறுவேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். எனக்குள் இருந்த கெட்டிக்காரப் பேய்க்காய் விடவில்லை. ஒட்டியை வாங்குகிறவர்தானே பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

செல்வராணி போனை எடுத்து, விற்பதற்கு முதல் நான் அனுப்பிய குரல் பதிவு ஒன்றை மேசையில் வைத்துப் போட்டார். பின்னால் பிள்ளைகள் சத்தம் போட, என் குரல் கணீரென்று வந்தது: "தங்கச்சி, இஞ்சத்தைக் கரண்டுக்குச் சரிவருமோ எண்டு என்னட்டைக் கேக்கிறீரோ? நான் சயன்ஸ் மாஸ்ரர். செருகும், போடும், அவ்வளவுதான்."

கதிரையில் தொப்பென்று இருந்தேன். கதிரை இருந்தது என் அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருவர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிழை முழுக்க என்னுடையதுதான், மன்னிக்க வேண்டும் என்றேன். ஆறு நாளில் நான் சொன்ன முதல் உண்மை அது. காசை மேசையில் வைத்து, பாதிதான் இருக்கிறது, மிச்சம் புரொஜெக்டராகக் கொட்டகையில் தொங்குகிறது என்றும் சொன்னேன். என் பெயர் கெட்டால் பிழைப்பே போய்விடும், படத்தைப் போடவேண்டாம் என்று கெஞ்சினேன்.

"பாதிக் காசுக்கு ஆர் எனக்கு மெஷின் தருவினம்? இதை வாங்கவெண்டு கையிலை இருந்த சின்ன மெஷினையும் வித்துப்போட்டன்" என்றார் செல்வராணி. "நாளைக்குக் காலமை கேக் போகாட்டி இனி ஒருத்தரும் எனக்கு ஓடர் தரமாட்டினம். பெயர் எண்டது உங்களுக்கு மட்டும்தானோ இருக்கு?"

சுருக்கென்று தைத்தது. ஆறு நாளும் நான் என் படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் கெட்டுப்போக ஒரு பெயர் இருக்கிறது என்று நினைக்கவேயில்லை. நான் எழும்பிக் கைமணிக்கூட்டைக் கழற்றினேன்.

"கேக்கை நான் கையாலை அடிச்சுத் தாறன்."

தமையன் என் கைகளைப் பார்த்தார். சோக்குக்கட்டிக்கு மேல் எதையும் தூக்காத கைகள். பிறகு சவர்க்காரத்தைக் காட்டினார். தனக்கு வள்ளத்து வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

குசினியில் குளிக்க வார்க்கலாம் போல ஒரு பேசின். அதற்குள் பட்டர், சீனி, ஒரு மர அகப்பை. கால் மணித்தியாலத்தில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. செல்வராணி அடிக்கடி வந்து கலவையை விரலில் தொட்டு உரசிப் பார்த்து, சீனி இன்னும் கரையவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வேர்வை பேசினுக்குள் விழக்கூடாதென்று பக்கத்து வீட்டுப் பெண் என் நெற்றியில் துவாயைக் கட்டிவிட்டார். முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து விட்டபோது கலவை தயிர் மாதிரித் திரைந்தது. திரைந்துபோச்சோ என்று கேட்டேன்.

"கதையாதேங்கோ மாஸ்ரர். அடியுங்கோ."

அடித்தேன். வதனி இரண்டு முறை போன் எடுத்தாள். எடுத்துப் பேசக் கை இல்லை. அகப்பையை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது என்று பயம். அடிக்க அடிக்கக் கலவை சேர்ந்து, வெளுத்து, மெதுவாக மினுங்கியது. மாவைக் கலந்து முதல் தட்டை ஒவனுக்குள் வைத்துவிட்டு, செல்வராணியும் நானும் அதன் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தோம். என்னுடைய சாதாரண தர முடிவு வந்த நாளில்கூட அவ்வளவு பயந்து நான் காத்திருக்கவில்லை. கேக்கின் நடு கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது. அவர் கையைக் கூப்பினார். பிறகு கேக் விளிம்புவரை ஒரே சீராக எழும்பி நின்றது.

"வந்திட்டுது அண்ணை" என்றார். முகத்தில் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வெங்காயம் ஒன்றும் அங்கே இல்லை, சாட்டுச் சொல்ல முடியாது.)

மூன்று தட்டும் முடிய மாலை நாலு மணி. மோட்டர் சைக்கிளின் பிடியைப் பிடிக்க விரல் மடங்காமல் அரை மணித்தியாலம் வாசலில் நின்றேன். ஒரு கிழமை வகுப்பில் எழுதியது இடது கையால். அடுத்த மாதம் புரொஜெக்டரை, அதன் வோல்ற்றை மூன்று தரம் வாசித்துக் காட்டி, விற்று மிச்சக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வராணி படத்தைப் போடவில்லை. தேவையும் இருக்கவில்லை. வதனி தானாகவே பவானியக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லி, இரண்டு பேருமாக வீடியோவில் சிரித்துத் தீர்த்தார்கள். இப்போது கனடாவிலிருந்து பெட்டி வந்தால், சவர்க்காரத்திலும் சொக்கிலேற்றிலும்கூட 'மாஸ்ரர், இதைச் செருகவேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருக்கும். வீட்டில் அதை எல்லோருக்கும் கேட்க உரத்து வாசிப்பார்கள்.

போன தை மாதம் புதிய வகுப்பு தொடங்கிய அன்று, முன்வாங்கில் ஒரு புதுப் பிள்ளை இருந்தது. கொட்டகை வாசலில் செல்வராணி. மகளாம். வல்வெட்டித்துறையிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்திருக்கிறார். அங்கே பக்கத்தில் எத்தனையோ நல்ல மாஸ்ரர்மார் இருக்க, ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"இருக்கினம்தான் மாஸ்ரர்" என்றார் அவர், நாற்பது பிள்ளைகளுக்கும் கேட்க. "ஆனா அவையெல்லாம் மின்னியலைப் புத்தகத்திலை படிச்ச ஆக்கள். நீங்கள் பட்டுப் படிச்சனீங்கள்."